கப்பல் சாப்பாட்டுக்கு ஒரு கோட்டு

தையல் தொழிலில் பொய் சொல்லாமல்கூட ஒரு நாளைக் கழித்துவிடலாம். "வெள்ளிக்கிழமை வாங்கோ" என்று சொல்லாமல் கழிக்க முடியாது.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர், சொன்ன வெள்ளிக்கிழமை தையல் கடைக்குப் போய், கொடுத்த துணி மடித்த மடிப்போடு அப்படியே கிடப்பதைக் கண்டு மனம் நொந்தவர்களாக இருப்பீர்கள். மீதிப் பேர், என்னைப்போல மெஷினுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அந்த நொந்த முகங்களைப் பார்க்க வெட்கப்பட்டு, கோத்த ஊசியையே திரும்பவும் கோத்தவர்களாக இருப்பீர்கள். இரண்டு பகுதியாரும் அனுபவித்தவர்கள்தான். ஆகையால் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் கொக்குவில் ஸ்ரேசனுக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருந்தது. இரண்டு மெஷின். ஒன்றில் நான் சேட்டும் கோட்டும் தைப்பேன். மற்றதில் தம்பிமுத்து அண்ணை களிசான் தைப்பார். களிசான் மட்டும்தான். இடுப்புக்கு மேலே உள்ள எதையும் அவர் தொடமாட்டார். ஆனால் அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைத்திருக்கிறேன். ஒருவரும் என் ஆயுளில் கை வைக்கவில்லை. கனகசபை மாஸ்ரரின் கோட்டு மட்டும் குறைந்தது இரண்டு வருஷத்தைக் குறைத்துவிட்டது.

சிவப்புப் பென்சில்

கனகசபை மாஸ்ரர் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, ஸ்ரேசன் மாஸ்ரர். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும், ரயில் கூவுகிற சத்தம் கேட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார். அவர் ஒருநாள் காலையில் வந்து, நாலு யார் நீளக் கறுப்புத் துணியையும் ஒரு அச்சடித்த தாளையும் என் வெட்டு மேசையில் வைத்தார். லண்டனில் நேர்ஸாக இருக்கும் ஒரே மகள் சாந்தி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டவை. தாயையும் தகப்பனையும் அங்கே கூப்பிட்டிருக்கிறாள். தன் புருஷன், மாமன், மாமி எல்லாரோடும் சேர்த்து ஏழு நாள் உல்லாசக் கப்பலில் கொண்டுபோகப் போகிறாளாம். விமானத்தால் இறங்கி அடுத்த நாள் காலையே கப்பல் ஏறவேண்டும். அங்கே போய்க் கோட்டு வாங்க நேரமில்லை.

தாளில், இராச் சாப்பாட்டுக்கு ஆண்கள் என்ன உடுக்கவேண்டும் என்று கப்பல்காரர் எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு நாளும் கொலர் வைத்த சேட்டும் நீளக் களிசானும் போதும். மூன்றாம் நாள் கப்பல் கப்டன் வைக்கும் விருந்து. அதற்குக் கோட்டும், கழுத்தில் வண்ணாத்திப்பூச்சி மாதிரிக் கட்டும் கறுப்பு ரையும் கட்டாயம். இல்லாதவர்கள் மேல்தட்டில் தனியாகச் சாப்பிடலாம். அந்தக் கடைசி வரிக்குக் கீழே மாஸ்ரர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"வேட்டியைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?" என்று கேட்டேன். "நாலு தரம் வாசிச்சிட்டன். வேட்டி எண்டு ஒரு சாமான் உலகத்திலை இருக்கிறதே உவங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு குரலைத் தணித்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரப் பிரச்சினைக்குள் மகளின் கலியாணத்துக்கு அவர்களால் போக முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை இன்னும் நேரில் கண்டதில்லை. "கலியாணப் பந்தியிலைதான் இருக்கக் குடுத்து வைக்கேல்லை, மணியம். இந்த மேசையிலையாவது பிள்ளைக்குப் பக்கத்திலை இருக்கவேணும். மேல்தட்டிலை தனியச் சாப்பிட என்னாலை ஏலாது." விருந்துக் கோட்டு என்று ஒன்றை நான் கண்ணாலும் கண்டதில்லை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் தன் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டது. அவர் படலை தாண்டினதும் தம்பிமுத்து அண்ணை சொன்னார்: "எந்த மாசத்து வெள்ளிக்கிழமை எண்டதையும் சொல்லிவிட்டிருக்கலாம்."

கப்பல் கண்டவர்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மனமில்லாதவன் என்ன செய்வான்? தெரிந்தவனைத் தேடிப் போவான். மயிலிட்டியில் அருளப்பு அண்ணை என்று ஒருவர், பல வருஷம் கப்பலில் வேலை செய்துவிட்டு வந்தவர், இருந்தார். பஸ் ஏறிப் போனேன். அவர் வீட்டு முற்றத்தில் வலையைப் பரப்பிவைத்துக் கொண்டு பொத்தலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே தொழில்காரரைக் கண்ட மாதிரி எனக்கு ஒரு ஆறுதல்.

"கப்பலிலை இராச் சாப்பாட்டுக்கு ஆம்பிளையள் என்ன உடுக்கிறவை, அண்ணை?" என்று கேட்டேன். அவர் போட்ட முடிச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் போனதெல்லாம் சீமெந்துக் கப்பலும் நிலக்கரிக் கப்பலும் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. "தம்பி, நாங்கள் சாப்பிடேக்கை தட்டைத்தான் பிடிச்சனாங்கள். விட்டால் அது மேசையாலை ஓடிப்போடும். ஆர் உடுப்பைப் பாத்தது?"

வெறுங்கையோடு எழும்பினவனை அவர் இருத்தினார். கோட்டின் உள்பக்கத்தில், இடது நெஞ்சோடு, மூடி வைத்த ஒரு சின்னப் பொக்கற் தைக்கச் சொன்னார். அதற்குள் புளிப்பு மணக்கிற ஒரு தேசிக்காய் இருக்கவேண்டும். கப்பல் ஆடினால் எடுத்து மணந்து பார்த்தால் போதும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வராது. நான் அளவை எழுதிக்கொண்டேன். தேசிக்காய்க்கு அளவெடுத்த தையல்காரன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் படலை மட்டும் வந்து வழியனுப்பிச் சொன்னார்: "கோட்டு முன்னைப் பின்னை இருந்தாலும் பரவாயில்லை, தம்பி. சத்தி எடுக்கிறவனுக்குப் பக்கத்திலை பெத்த பிள்ளையும் இராது."

மூச்சைப் பிடித்த அளவு

ஆண்களுக்கு அளவெடுத்தவர்களுக்குத் தெரியும்: நாடா இடுப்பைத் தொட்ட உடனே வயிறு காணாமல் போய்விடும். மாஸ்ரர் அதிலும் ஒரு படி மேல். முப்பது வருஷம் ஸ்ரேசன் மேடையில் நிமிர்ந்து நின்று பழகியவர், மெயில் வண்டி வருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முப்பத்தாறு அங்குலம். நான் நம்பவில்லை. "மூச்சை விடுங்கோ, மாஸ்ரர்" என்றேன். "விட்டிட்டன்" என்று மூச்சை விடாமலே சொன்னார்.

சொன்ன வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே என்மீது மரியாதை வந்தது. தோள் கச்சிதம், முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. மாஸ்ரரும் திருப்தியோடு பின்னால் இருந்த கதிரையில் மெல்ல இருந்தார். டப் என்று ஒரு சத்தம். வயிற்றுக்கு மேலே பூட்டியிருந்த நடுத் தெறி தெறித்துப் போய்த் தம்பிமுத்து அண்ணையின் பிளேன்ரீக் கோப்பைக்குள் விழுந்தது. அண்ணை அதைக் கரண்டியால் எடுத்து, துடைத்து, என் மேசையில் வைத்தார். "நிண்டு பாக்க நல்ல கோட்டு, மணியம். ஆனால் கப்பலிலை இருத்தியெல்லோ சாப்பாடு போடுவாங்கள்?"

சோற்றோடு எடுத்த அளவு

அன்று இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். தம்பிமுத்து அண்ணை சொன்னது சரிதான். நாங்கள் எல்லாக் கோட்டையும் நிற்கிற மனிதனுக்குத்தான் தைக்கிறோம். கலியாண மாப்பிள்ளைக்கு அது போதும். அவன் படத்துக்கு நின்றுவிட்டுக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடுவான். இது கழற்ற முடியாத கோட்டு. ஆகவே கதிரையில் இருந்த நிலையில், அதுவும் சாப்பிட்ட வயிற்றோடு, திரும்ப அளவெடுக்க வேண்டும். மாஸ்ரரிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா நாலு அடுக்குக் கரியரோடு கடைக்கு வந்து இறங்கினா.

வெட்டு மேசையில் வாழையிலை விரித்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பொரித்த மிளகாய். மாஸ்ரர் சாப்பிட, நான் பின்னால் முழங்காலில் நின்று நாடா பிடித்தேன். முதல் சோற்றுக்கு முப்பத்தெட்டு. இரண்டாம் சோற்றுக்கு நாற்பது. ரொட்டி வாங்கப் போன சனம் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தது. தயிரோடு நாற்பத்தொன்றில் நாடா நின்றது. இனி ஏறாது என்று எழுதப் போனேன். அக்கா விடவில்லை. "கப்பலிலை என்னத்தைக் குடுப்பாங்களோ தெரியாது, தம்பி. எதுக்கும் இன்னும் ஒரு அகப்பை போடுறன், பிறகு எழுதுங்கோ."

வண்ணாத்திப்பூச்சி

கோட்டுக்கு உள்ளே கொடுத்த பட்டுத் துணியில் மிச்சம் இருந்ததைக் கொண்டு ரை தைத்தேன். அதைக் கொலருக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்பதில் எனக்கும் தம்பிமுத்து அண்ணைக்கும் இரண்டு நாள் வழக்கு. இடுப்புக்கு மேலே பேச உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நான் சொல்ல, அவர் அரை நாள் என்னோடு கதைக்கவில்லை. கட்டத் தெரியாது என்பதால் பின்னால் இலாஸ்ரிக் வைத்து மாட்டிவிட்டேன்.

மாஸ்ரர் போட்டுப் பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எச்சிலை விழுங்கும் ஒவ்வொரு முறையும் வண்ணாத்திப்பூச்சி மேலே ஏறி இறங்கியது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுத்தோம். மூன்று தரம் ஏறி இறங்கியது. இலாஸ்ரிக்கைத் தளர்த்தப் போன என் கையைத் தடுத்து, கண்ணாடியில் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "விடும், மணியம். ஸ்ரேசனிலை கைகாட்டி மரம் ஏறி இறங்கிறது எனக்குப் பழக்கம்தானே."

மேசைக்குக் கீழே, மேசைக்கு மேலே

மறுநாள் விடிய அவர்களை ஏற்ற வான் வரும். கொழும்பில் எங்கும் நிற்காமல் நேரே விமான நிலையம். அன்றைக்கென்று ஊரெல்லாம் கடையடைப்பு. நான் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, சிரட்டைக் கரி போட்ட அயன் பெட்டியால் கோட்டுக்குக் கடைசி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். களிசான் முடிந்து சுவரில் தொங்கியது. அந்த நேரம் பார்த்து ஆமியின் ஹெலி வந்தது. அது தாழப் பறந்தால் என்ன செய்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. நானும் தம்பிமுத்து அண்ணையும் வெட்டு மேசைக்குக் கீழே போய்விட்டோம்.

மேசைக்குக் கீழே நாங்கள். மேசைக்கு மேலே கோட்டும் அயன் பெட்டியும். ஹெலி இரண்டு வட்டம் அடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போனது. எரிந்த மணம் வந்த பிறகுதான் எனக்கு உயிரே போனது. இரண்டு தோளுக்கும் நடுவில், முதுகுப் பக்கம், அயன் பெட்டியின் அளவில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் மேசைப் பலகை தெரிந்தது. தம்பிமுத்து அண்ணை முதலில் என்னைத் தடவிப் பார்த்தார், பிறகு தன்னை, பிறகு கோட்டை. "எங்கள் ரண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை. கோட்டுக்குத்தான் காயம்."

அலுமாரி

சைக்கிளில் மாஸ்ரர் வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று பொய் யோசித்துவைத்தேன். மூன்றும் நல்ல பொய்கள். தொழிலில் இருபது வருஷ அனுபவம். ஆனால் வீட்டுக்குள் போனால், பெட்டி திறந்தபடி கட்டிலில் இருந்தது. எல்லாம் அடுக்கியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, கோட்டுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தைக் கண்டபிறகு எனக்குப் பொய் வரவில்லை. ஓட்டையை விரித்துக் காட்டினேன்.

மாஸ்ரர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கதிரையில் இருந்து, "அப்ப மேல்தட்டிலைதான் சாப்பிடவேணும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரமேஸ்வரி அக்கா போய் அலுமாரியைத் திறந்து ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து வந்தா. கழுத்து வரை மூடிய, பித்தளைத் தெறி வைத்த ஸ்ரேசன் மாஸ்ரர் கோட்டு. பூச்சி உருண்டை மணத்தது. "இதுவும் கோட்டுத்தானே?" மாஸ்ரர் தலையை ஆட்டினார். சட்டம் சட்டம் என்று வாழ்ந்த மனிதர். ஆனாலும் அச்சடித்த தாளை எடுத்து ஐந்தாம் தரம் வாசித்தார். கோட்டு என்று இருந்தது, கறுப்பு ரை என்று இருந்தது. கோட்டு என்ன நிறம் என்று எங்கும் இல்லை.

பொழுதுபட இன்னும் நாலு மணித்தியாலம். கடைக்கு ஓடினேன். மூடிய கழுத்தை வெட்டித் திறந்து, எரிந்த கோட்டின் நல்ல பகுதியில் கறுப்புத் துணி எடுத்து மடிப்புக் கொலர் வைத்தேன். தம்பிமுத்து அண்ணை, இடுப்புக்கு மேலே ஒரு நாளும் கை வைக்காத மனிதர், கேட்காமலே வந்து இருந்து, இரண்டு பக்கத் தையலையும் பிரித்து நாற்பத்தொன்றுக்கு அகட்டித் தந்தார். தேசிக்காய்ப் பொக்கற்றையும் மறக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது, பித்தளைத் தெறியை மட்டும் கறுப்புத் தெறியாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். மாஸ்ரர் தெறியைத் தடவிப் பார்த்தார். "அதை மாத்தாதையும். முப்பது வருசம் இந்தக் கோட்டோடை நிண்டு ஊரை எல்லாம் கோச்சி ஏத்தி வழியனுப்பினனான். இந்த முறை நான் ஏறப்போறன்."

கப்டனின் கேள்வி

இரண்டு மாதம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைக் கதவில் மறித்துவிட்டார்கள் என்று கனவு காண்பேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்ரர் கடை வாசலில் வந்து நின்றார். ஓடி ஒளிக்க இடமில்லை. மேசைக்குக் கீழே ஏற்கெனவே ஒருமுறை போய்விட்டேன். ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டு வந்தார்.

விருந்து மண்டபத்தின் வாசலில் நின்றவன் பித்தளைத் தெறியைக் கண்டதும் இரண்டு கதவையும் திறந்து சலூட் அடித்திருக்கிறான். ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து, நாளைக்குத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டிருக்கிறா. மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்து, "ஆறு இருபதுக்கு, பிந்தாது" என்றிருக்கிறார். நேரசூசியைக் கண்டால் பாடமாக்காமல் அவரால் இருக்க முடியாது. மாப்பிள்ளையின் தகப்பன், லண்டனில் இருபது வருஷம் இருந்தவர், சிவப்பு ரையோடு வந்து வாசலில் மறிபட்டிருக்கிறார். மாஸ்ரர் உள்ளே இருந்தபடி, வண்டியை விடச் சொல்கிற மாதிரிக் கையைத் தூக்கினார். வாசல்காரன் விட்டுவிட்டான். சம்பந்தி அன்று முழுக்க "அண்ணை, அண்ணை" என்று பின்னால் திரிந்தாராம். கடல் ஆடவில்லை. தேசிக்காயை அவித்த மீனுக்குப் பிழிந்து விட்டிருக்கிறார். மேசையில் எல்லாரும் வாங்கிப் பிழிந்தார்களாம்.

கடைசியில் கப்டனே மேசைக்கு வந்து கை கொடுத்து, எத்தனை வருஷச் சேவை என்று கேட்டானாம். முப்பது என்றாராம். எந்த வழி என்று கேட்டானாம். "காங்கேசன்துறை, கொழும்பு எண்டன். கஷ்டமான வழியோ எண்டான். இப்ப கொஞ்சக் காலமாக் கஷ்டந்தான் எண்டன்" என்று சொல்லிவிட்டு, மாஸ்ரர் சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு படத்தை எடுத்து வெட்டு மேசையில் வைத்தார். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. நடுவில் மாஸ்ரர், கழுத்தில் என் வண்ணாத்திப்பூச்சி ஏறின நிலையில். பக்கத்தில் சாந்தி. எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் தகப்பனைப் பார்க்கிறாள். அவளுடைய ஒரு கை அவருடைய கோட்டில் இருந்தது. தம்பிமுத்து அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். கோட்டில் என்ன பிழை, ஏன் பிடிக்கிறாள் என்று நான் பயந்துபோய்க் கேட்டேன். மாஸ்ரர் சொன்னார்: "பிழை ஒண்டும் இல்லை, மணியம். சின்னனிலை ஸ்ரேசனிலை கோச்சி வரேக்கை, பயத்திலை இந்தத் தெறியைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவள். கோட்டைக் கண்ட உடனை அழுதுபோட்டுப் பிடிச்சவள், சாப்பிட்டு முடியும் மட்டும் விடேல்லை."

கப்பலில் இராச் சாப்பாட்டுக்கு ஆண்கள் என்ன உடுக்கவேண்டும் என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், இருந்து சாப்பிட இடம் விட்டுத் தைத்ததும் பெற்ற பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு தெறி உள்ளதுமான எந்தக் கோட்டும் போதும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறேன்.